வைத்தியம் கூண்டின் தரையில் தொடங்குகிறது

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால், மூணாறில் துவைத்துப் போட்ட துணி காயவே நாள் கணக்காகும். லயத்துச் சுவர்கள் ஓதமேறிக் கிடக்கும். அந்தச் சுவரை ஒட்டி, பழைய பலகையும் கம்பி வலையும் சேர்த்து அடித்த முயல் கூண்டு ஒன்று இருந்தால், அதற்குச் சோதனைக் காலம் அதுதான். நேற்று வரை துள்ளிக்கொண்டிருந்த குட்டி வயிறு ஊதி, ரோமம் சிலிர்த்து, மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். மறுநாள் காலை அதற்கு உயிர் இருக்காது. “குளிர் தாங்கலை” என்று சொல்லிப் புதைத்துவிடுவார்கள்.

குளிர்மீது போடும் இந்தப் பழி பெரும்பாலும் தவறு. 15 முதல் 25 டிகிரி வரையிலான வெப்பம் முயலுக்கு உகந்தது; அதற்குக் கீழேயும் அடர்ந்த ரோமத்தால் சமாளித்துக்கொள்ளும். வெயில்தான் அதற்கு ஆகாது. 30 டிகிரிக்கு மேல் நாள் கணக்கில் நீடித்தால் ஆண் முயலின் சினைப்படுத்தும் திறனே குறைந்துவிடும். மூணாறின் குளிர், முயல் வளர்ப்புக்கு ஒரு வரம். மழைக்காலத்தில் குட்டிகளை வாரிக்கொண்டு போவது ஈரமும், அந்த ஈரத்தில் செழிக்கும் எய்மீரியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியும்தான்.

மருத்துவர்கள் இதை காக்சிடியோசிஸ் என்கிறார்கள். கோழி வளர்ப்பவர்கள் ரத்தக் கழிச்சல் என்று சொல்லும் நோயின் முயல் வடிவம் இது. ஒட்டுண்ணியின் சில வகைகள் குடலைத் தாக்கும். ஒரு வகை கல்லீரலின் பித்தக் குழாய்களில் குடியேறும். இறந்த குட்டியை அறுத்துப் பார்த்தால் கல்லீரல் முழுக்க வெளுத்த புள்ளிகள் தெரியும். பால் மறக்கும் பருவத்துக் குட்டிகளே அதிகம் பலியாகின்றன.

மனிதக் கண் முதன்முதலில் பார்த்த ஒட்டுண்ணி நுண்ணுயிர் இதுவாகவே இருக்கக்கூடும் என்று அறிவியல் வரலாறு சொல்கிறது. 1674இல் ஹாலந்தின் லேவன்ஹூக், தன் கையால் செய்த உருப்பெருக்கியின் கீழ் முயலின் பித்தநீரை வைத்துப் பார்த்தபோது முட்டை வடிவத் துகள்களைக் கண்டு எழுதி வைத்தார். அவை இந்த ஒட்டுண்ணியின் கூடுகள் என்பது பின்னால் வந்தவர்களின் முடிவு. 350 ஆண்டுகளுக்கு முன் கண்ணில் பட்ட அதே எதிரி, இன்றும் மலைக் குடியிருப்புகளின் கூண்டுகளில் குட்டிகளைக் கொன்றுகொண்டிருக்கிறது.

அதற்கு ஒரு பலவீனம் உண்டு. முயல் புழுக்கையோடு வெளியே விழும் கூடு, விழுந்தவுடனே நோயைப் பரப்பாது. காற்றும் ஈரமும் மிதமான சூடும் கிடைத்து, இரண்டு மூன்று நாள் முதிர்ந்தால்தான் அடுத்த முயலைப் பிடிக்கும். முயல் தன் மென்புழுக்கையைத் தானே தின்னும் விலங்கு. செரிமானத்துக்கு அது அவசியமும்கூட. அப்போது தொற்று கூடுவதில்லை, ஏனென்றால் அந்தக் கூடுகள் இன்னும் முதிரவில்லை. இரண்டு நாள் நனைந்து கிடந்த புழுக்கை காலிலும் தீவனத்திலும் ஒட்டும்போதுதான் ஆபத்து. எனவே புழுக்கை கீழே விழும்படி கம்பி வலைத் தரை, தினமும் கூட்டிப் பெருக்கல், தரையில் கொட்டாமல் தொட்டியில் வைக்கும் தீவனம் ஆகியவையே முதல் வைத்தியம். சல்ஃபா வகை மருந்தும் டோல்ட்ராசுரிலும் அதற்குப் பிறகுதான்.

முயல் நோய்களைப் பற்றி உலகம் சேர்த்து வைத்திருக்கும் அறிவு கொஞ்சமில்லை. ஆனால் அதன் பிறப்பைப் பார்த்தால் மனம் கனக்கிறது. 1885இல் பாஸ்டர் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை உருவாக்கியது முயலின் முதுகுத்தண்டைக் கொண்டு. 1950இல் ஆஸ்திரேலியா மிக்ஸோமா என்ற வைரஸைப் பரப்பியது, பயிரைத் தின்னும் முயல்களை ஒழிப்பதற்காக. 1984இல் சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் தோன்றிய ரத்தக்கசிவு நோய், ஓராண்டுக்குள் 14 கோடி வளர்ப்பு முயல்களைக் கொன்றதாகக் கணக்கு. அந்த வைரஸையும் பின்னர் ஆஸ்திரேலியா ஆயுதமாக எடுத்துக்கொண்டது. ஆய்வுக் கருவியாகவோ ஒழிக்க வேண்டிய பகையாகவோ பார்த்த அளவுக்கு, பிழைக்க வைக்க வேண்டிய உயிராக முயலை யாரும் பார்க்கவில்லை.

அப்படிப் பார்க்கும் இடம் ஒன்று மூணாறுக்கு வெகு தொலைவில் இல்லை. வட்டவடைக்குக் கிழக்கே மலையைத் தாண்டினால் கிளாவரை, பூண்டி, கவுஞ்சி, அடுத்து மன்னவனூர். ராஜஸ்தானின் அவிகாநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையம் 1965இல் தொடங்கிய தென்மண்டல மையம் அங்கே இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகளோடு வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா முயல்களையும் வளர்த்து, இனப்பெருக்கம், தீவனம், நோய் மேலாண்மை என்று ஆராய்ந்து, விவசாயிகளுக்குக் குட்டிகளும் பயிற்சியும் தருகிறது. மாநில எல்லையையும் மலைப்பாதையையும் தாண்டி அந்த அறிவு மூணாறு லயங்களுக்கும் வட்டவடைத் தோட்டங்களுக்கும் முழுமையாக வந்து சேர வேண்டும்.

அந்த அறிவு வராததால் நேரும் சேதத்துக்குச் சான்றாகச் சொறி நோய் ஒன்று போதும். ஒரு வகைச் சிற்றுண்ணியால் காதுக்குள் பொருக்குக் கட்டி, முயல் தலையை உதறிக்கொண்டே இருக்கும். வேறொரு வகைச் சிற்றுண்ணி மூக்கிலும் பாதத்திலும் பிடிக்கும். இரண்டுக்கும் ஐவர்மெக்டின் ஊசி கேட்கும். மாட்டுக்கு வரும் 1 சதவீத மருந்தில் 50 கிலோ எடைக்கு 1 மில்லி என்பது அளவு. அந்தக் கணக்கில் 2 கிலோ முயலுக்குத் தேவை 0.04 மில்லி, அதாவது ஒரு சொட்டளவு! சாதாரண சிரிஞ்சில் கண்ணளவில் ஏற்றினால் பத்து மடங்கு போய்விடும். இன்சுலின் சிரிஞ்ச் வேண்டும், முயலை எடை போட வேண்டும், கால்நடை மருத்துவர் கையால் போட வேண்டும். நாயின் உண்ணிக்காகக் கழுத்தில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தோ முயலின் உயிரையே எடுத்துவிடும்.

சளி பிடித்த முயலுக்கு வீட்டில் மிஞ்சிய அமாக்ஸிசிலின் மாத்திரையைக் கரைத்துப் புகட்டுவதும் அப்படித்தான். முயலின் செரிமானம் பெருங்குடல் வாயிலுள்ள பெரிய பையில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை நம்பியிருக்கிறது. வாய்வழிப் பென்சிலின் வகைகள் அவற்றை அழித்து, நஞ்சு சுரக்கும் கிளாஸ்ட்ரிடியத்துக்கு இடம் விட்டுவிடும். சளி சரியாகும் முன் கழிச்சலில் முயல் போய்விடும். முட்டைக்கோஸும் கேரட்டும் விளையும் வட்டவடையில் இலை தழைக்குப் பஞ்சமில்லை. பனியோடு பறித்ததை அப்படியே போடாமல் நிழலில் வாட வைத்து, கூடவே காய்ந்த புல்லும் கொடுத்தால் பாதி வயிற்றுக் கோளாறு வராது. நிற்காமல் வளரும் பற்கள் தேயவும் அந்தப் புல்தான் உதவும்.

வேட்டையாடப்படும் விலங்கு என்பதால் முயல் வலியைக் காட்டாது, முனகாது. உடம்பைக் குறுக்கி, பல்லைக் கடித்து உட்கார்ந்துவிட்டால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. ஆகவே விடிந்ததும் முதல் வேலையாகக் கூண்டுக்கு அடியில் பார்க்க வேண்டும். புழுக்கை ஒரே அளவில், உருண்டையாக, காய்ந்து கிடக்கிறதா? சிறுத்துப்போனாலோ, கோழையோடு இருந்தாலோ, இரவு முழுக்க ஒன்றுமே விழாமல் இருந்தாலோ, வெயில் ஏறும்வரை காத்திராமல் ஒரு சின்ன டப்பாவில் அந்தப் புழுக்கையையும் எடுத்துக்கொண்டு, முயலோடு கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும்.