நீல மருந்தும் ஒரு பாட்டில் தண்ணீரும்

1984இல் அப்பா சென்னை மூர் மார்க்கெட்டில் இரண்டு தங்கமீன் வாங்கிக்கொடுத்தார். பாலிதீன் பையை மடியில் வைத்துக்கொண்டு அயனாவரம் வரை பஸ்ஸில் வந்தேன். பை ஆடினால் மீனுக்கு வலிக்கும் என்று நினைத்து, மூச்சைக்கூட மெல்ல விட்டேன். அடுத்த ஆண்டே அந்த மார்க்கெட் தீயில் எரிந்துபோனது.

ஐந்து லிட்டர் பிடிக்காத உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம்தான் அவற்றுக்கு வீடு. ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தோம். காற்றுக் குழாய் கிடையாது, பில்டர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு, கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவி, கிணற்றில் சேந்திய புதுத் தண்ணீரை நிரப்புவது என் வேலை. கண்ணாடி பளபளவென்று இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்த சுகாதாரம்.

மூன்றாவது வாரம் பெரிய மீனின் வால் ஓரம் வெளுத்தது. இரண்டு நாளில் நைந்த துணி மாதிரி நூல் நூலாகப் பிரிந்தது. வாலின் அடியில் சிவப்புக் கீற்றுகள். எதிர்வீட்டு மாமா ஒரு சின்னக் குப்பியில் மெத்திலீன் புளூ கொண்டுவந்தார். "நீல மருந்து தம்பி, எல்லாத்துக்கும் கேக்கும்" என்றார். சொட்டு எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. கிண்ணம் மைப்புட்டி ஆனது. மீன் எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை.

கேட்காமல் போகவே, தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் டெட்ராசைக்ளின் கேப்சூல் ஒன்றை வாங்கினோம். அன்று சீட்டு கேட்பார் இல்லை, ஒற்றை கேப்சூலாகவே கொடுப்பார்கள். தண்ணீரை மாற்றி, கேப்சூலைப் பிரித்து மஞ்சள் தூளைக் கொட்டினோம். சாயங்காலம் மஞ்சளாக இருந்த தண்ணீர், ஜன்னல் வெளிச்சம் பட்டுப்பட்டு மறுநாள் பழுப்பேறிக் கிடந்தது. மேலே நுரை. மீன் அடியில் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. கிணற்றடி முருங்கைக்குக் கீழே புதைத்தோம். "மீன்னா அப்படித்தான், ரொம்ப நாள் இருக்காது" என்று பாட்டி தேற்றினாள்.

அந்த வார்த்தையைத்தான் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மை வேறு. நல்ல தண்ணீரில் தங்கமீன் பத்து, பதினைந்து ஆண்டுகள் சாதாரணமாக வாழும். இங்கிலாந்தில் 1956இல் ஒரு திருவிழாக் கடையில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன் 43 வயது வரை வாழ்ந்து, 1999இல்தான் இறந்தது. எங்கள் மீனுக்கு ஆயுள் குறைவு என்பதல்ல விஷயம். அதன் ஆயுளை நாங்கள்தான் ஞாயிறுதோறும் கழுவிக் கொட்டிக்கொண்டிருந்தோம்.

மீன் தன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. ஏரியில் அது கரைந்து பரவிவிடும். கிண்ணத்தில் எங்கே போகும்? கல்லிலும் பஞ்சிலும் குடியேறும் நல்ல பாக்டீரியாக்கள்தாம் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவாக ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்தக் குடியிருப்பு வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நான் ஏழு நாளுக்கு ஒருமுறை கல்லைத் தேய்த்து அதை அடியோடு அழித்துக்கொண்டிருந்தேன். இது புதிய அறிவும் அல்ல. ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கிலேயே இந்தப் பாக்டீரியாக்களின் வேலையைக் காட்டிவிட்டார். அயனாவரம் வீட்டுக்கு அது வந்துசேர நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

இப்போது என் மகளிடம் ஓர் ஒராண்டா இருக்கிறது. தலையில் முந்திரிக்கொத்து போலச் சதை மொட்டுகள், பின்னால் புடவைத் தலைப்பு மாதிரி வால். நூறு லிட்டர் தொட்டி, பஞ்சு பில்டர், காற்று மோட்டார். கோடை தொடங்கிய ஒரு நாள் காலையில் வால் ஓரம் வெளுத்திருந்தது. அடியில் அதே சிவப்புக் கீற்று. நாற்பது வருஷத்துக்கு முந்தைய அந்த வால் என் கண்முன் வந்து நின்றது.

கொளத்தூருக்குப் போனேன். சென்னையில் வண்ணமீன் என்றால் கொளத்தூர்தான். பின்கட்டுத் தொட்டிகளில் மீன் வளர்த்து விற்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். மீனைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கடைக்காரர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மீன் இருக்கட்டும் சார், தொட்டித் தண்ணி கொண்டாந்தீங்களா?" என்றார்.

நாற்பது வருஷ மாற்றம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. அன்று எல்லோரும் மீனைப் பார்த்தார்கள். இன்று விவரம் தெரிந்தவர் முதலில் தண்ணீரைப் பார்க்கிறார்.

திரும்பி வந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு போனேன். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி, சொட்டு மருந்து விட்டுக் குலுக்கி, ஐந்து நிமிஷம் வைத்தார். மஞ்சளாக இருந்தால் அம்மோனியா இல்லை. எங்களுடையது கரும்பச்சையாக மாறியது. "பஞ்சை எதுல கழுவினீங்க?" என்று கேட்டார். குழாய்த் தண்ணீரில். மெட்ரோ வாட்டரில் இருக்கும் குளோரின், பஞ்சிலிருந்த நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிட்டது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பஞ்சைப் பிழிந்து கழுவியிருக்க வேண்டும்.

வாலை அரித்த ஏரோமோனாஸ் போன்ற கிருமிகள் வெளியிலிருந்து படையெடுத்து வருபவை அல்ல. எல்லாத் தொட்டியிலும் எப்போதும் இருப்பவை. அம்மோனியாவில் செவுள் வெந்து, உடம்பின் வழவழப்புப் படலம் கெட்டு, மீன் சோர்ந்துபோகும்போதுதான் அவை பிடித்துக்கொள்கின்றன. வெயில் நாளில் இன்னும் மோசம். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், அம்மோனியாவின் நஞ்சும் ஏறும். தங்கமீனோ குளிர்ந்த நீருக்குப் பிறந்தது.

வைத்தியம் இவ்வளவுதான். ஒரு பிளாஸ்டிக் டப்பில் மீனைத் தனியாக வைத்துக் காற்றுக் குழாய் போட்டோம். தினம் பாதித் தண்ணீரை, குளோரின் முறித்து, அதே சூட்டுக்குக் கொண்டுவந்து மாற்றினோம். லிட்டருக்கு இரண்டு கிராம் கல்லுப்பு, தராசில் நிறுத்து, தனியே கரைத்துச் சேர்த்தோம். தீனியைக் குறைத்தோம். பெரிய தொட்டிக்கும் தினமும் தண்ணீர் மாற்றி, அம்மோனியா இறங்குகிறதா என்று சோதித்தோம். ஐந்தாம் நாள் சிவப்பு மறைந்தது. இரண்டாவது வாரம் வால் ஓரத்தில் கண்ணாடி மாதிரித் தெளிந்த புதுச் சவ்வு, நகக்கண் அளவுக்கு முளைத்திருந்தது. மகள் டார்ச் அடித்துக் காட்டினாள்.

உப்பு பாட்டி காலத்து மருந்து. அது மட்டும் அன்றும் சரி, இன்றும் சரி. நன்னீர் மீனின் ரத்தம் சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பானது. அதனால் தண்ணீர் ஓயாமல் உடம்புக்குள் ஊறிக்கொண்டே இருக்கும், அதை வெளியேற்றுவதே சிறுநீரகத்துக்கு வேலை. புண் பட்டால் அந்தச் சுமை கூடும், உப்பு அதைக் குறைக்கும். அன்று கைப்பிடி அளவு போட்டார்கள், இன்று நிறுத்துப் போடுகிறோம்.

நீல மருந்தையும் நான் தள்ளிவிடச் சொல்லவில்லை. முட்டையில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அது இன்றும் உதவுகிறது. ஆனால் டெட்ராசைக்ளினைத் தண்ணீரில் கொட்டியது வீண் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடினத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் அதைப் பிடித்து முடக்கிவிடும். மீனுக்குள் போய்ச் சேர்வது சொற்பம். மிச்சம் சாக்கடைக்குப் போய், அங்குள்ள கிருமிகளுக்கு மருந்தைத் தாங்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கும். அந்தக் கிருமி நாளை நம் வீட்டுக் குழந்தையின் காய்ச்சலிலும் வரலாம்.

ஆன்டிபயாடிக் தேவைப்படும் நோய்களும் உண்டு. வாயில் பஞ்சு ஒட்டியது போல வருவதைப் பூஞ்சை என்று நினைப்போம். பல நேரம் அது காலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோய். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, மைக்ராஸ்கோப் வேண்டும். மருந்து தர வேண்டியிருந்தால் தெரிந்தவர் சொல்லும் அளவில், முடிந்தவரை தீனியில் கலந்து, சொன்ன நாள் முழுதும் தர வேண்டும். வயிறு ஊதிச் செதில்கள் சிலிர்த்து நிற்கும் நிலைக்கு வந்த மீனை இன்றும் பெரும்பாலும் காப்பாற்ற முடிவதில்லை. ஆண் மீனின் செவுள் மூடியில் இனப்பெருக்கக் காலத்தில் வரும் வெள்ளைப் புள்ளிகளோ நோயே இல்லை. அதற்கு மருந்து போட்டு மீனைக் கொன்றவர்களை எனக்குத் தெரியும்.

ரோம் நகராட்சி உருண்டைக் கிண்ணத்தில் தங்கமீன் வளர்ப்பதை 2005இல் தடை செய்தது. இங்கே கடைகளில் அது இன்னும் விற்கிறது, பிறந்தநாள் பரிசாகவும் கொடுக்கிறார்கள். மீன் மருத்துவம் தெரிந்த டாக்டர் கிடைப்பது சென்னையிலேயே அரிது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் 2012இல் வந்துவிட்டது. வீட்டுத் தொட்டி வரைக்கும் அந்தப் படிப்பு வர வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களில் இன்றும் முதல் பதில் கேப்சூல் பெயராகத்தான் வருகிறது.

உங்கள் வீட்டுத் தங்கமீன் துவண்டால், கேப்சூலைப் பிரிக்காதீர்கள். தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு முதலில் அதைச் சோதியுங்கள். எல்லாத் தொட்டியிலும் கிருமிகள் இருப்பதால், கையில் காயம் இருந்தால் உறை போடாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள்.