சைடில் தொடங்கிய பேண்ட்... நடுமேடைக்கு வந்த பறை!

ரிஷிவந்தியமோ, கல்வராயன் மலை அடிவாரத்துச் சின்ன கிராமமோ... ஊரில் ஒரு சாவு என்றால் பறை அடிப்பவர்களுக்குத்தான் முதலில் ஆள் போகும். வைக்கோலைக் கொளுத்தி, தோலைச் சூடேற்றி, முதல் அடி விழுந்ததும் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆனால், காரியம் முடிந்த பிறகு அடித்தவரின் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

அந்தப் பறையை எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பக்கத்தில், மேடையின் நடுவில் நிறுத்திய பேண்ட்தான் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'.

குரங்கனிலிருந்து வந்தவர்

ஒரு பேண்டில் இருக்கும் கலைஞர், தனியாக இன்னொரு குழுவையும் தொடங்கினால் ராக் உலகில் அதை 'சைடு புராஜெக்ட்' என்பார்கள். பெரும்பாலும் அது முதல் பேண்டின் நிழலிலேயே நின்றுவிடும். டென்மா விஷயத்தில் நடந்தது நேர்மாறு.

கபேர் வாசுகியுடன் சேர்ந்து 'குரங்கன்' என்ற இண்டி ராக் பேண்டில் இயங்கியவர் டென்மா. சினிமாவை நம்பாமல், தமிழில் சொந்தமாகப் பாட்டு எழுதி இசைத்த குழு அது. 2017-ல் இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்துடன் டென்மா கைகோத்தார். நிறைய பேரை வாசிக்கவும் பாடவும் வைத்துக் கேட்டார்கள். தேர்வானவர்கள் 19 பேர்.

கானா பாடகர்கள், ராப் பாடகர்கள், ராக் கலைஞர்கள் எல்லோரும் ஒரே குழுவில். டிரம்ஸ், கிட்டாருடன் பறை, தவில், சட்டி, கட்ட மோளம். பண்டிதர் அயோத்திதாசர் பயன்படுத்திய 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற சொற்றொடரிலிருந்து பிறந்தது பேண்டின் பெயர்.

கோட் சூட்டில் கானா!

2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. கோட் சூட் போட்டு மேடையேறினார்கள். அம்பேத்கரை நினைவூட்டும் உடை அது. இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, ஆணவக்கொலை என்று வீட்டில் பேசத் தயங்கும் விஷயங்களை ஆட்டம் போட வைக்கும் தாளத்தில் பாடினார்கள். ஆயிரக்கணக்கானோர் கூடிய அந்த இரவுக்குப் பிறகு, பேண்டின் பெயர் தமிழ்நாட்டைத் தாண்டியும் பரவியது. அதே ஆண்டில் 'மகிழ்ச்சி' ஆல்பமும் வந்தது.

ஆளுக்கொரு பாதை

ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் துணிந்து இறங்கிய இசைவாணி, அந்தக் குழுவில் ஒரே பெண். 2020-ல் பி.பி.சி-யின் '100 பெண்கள்' பட்டியலில் இடம்பிடித்தார். அரக்கோணத்துக்காரர் அறிவு, 2021-ல் தீயுடன் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' உலகம் முழுக்க ஒலித்தது. டென்மாவோ 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு', 'நட்சத்திரம் நகர்கிறது' படங்களுக்கு இசையமைத்தார்.

ஆனால், புகழ் வந்தாலும் பெயர் வந்துவிடுமா? 2021 ஆகஸ்ட்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். எதிர்ப்பு வலுத்த பிறகே அறிவின் படத்துடன் டிஜிட்டல் அட்டை வெளியானது.

இந்தக் குழு எத்தனை கச்சேரி செய்தது என்பதைவிட, அது திறந்துவிட்ட கதவு முக்கியம். 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' விழா அதற்குச் சாட்சி. சபாக்களின் மாதமான மார்கழியில், கானாவுக்கும் பறைக்கும் தனி மேடை கிடைத்தது.

அடுத்த முறை உங்கள் தெருவில் பறை ஒலித்தால், ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். முடிந்ததும் வாசித்தவரின் பெயரையும் கேளுங்கள்!