நஞ்சு வாயுவும் ஒரு நொதியமும்

வாகனப் புகையில் காபனோரொட்சைட்டும் உண்டு. நைத்திரிக் ஒட்சைட்டும் உண்டு. இரண்டையும் காற்றை மாசுபடுத்தும் நச்சுகளாகவே உலகம் நெடுங்காலம் அறிந்திருந்தது. இரண்டாவது வாயுவை நமது குருதிக் குழாய்களே உற்பத்தி செய்கின்றன என்பதும், அக்குழாய்களைத் தளர்த்தி இரத்த அழுத்தத்தைச் சீராக்குவதில் அதற்குப் பெரும் பங்குண்டு என்பதும் 1980களிலேயே தெளிவாயின. இதற்காக றொபேர்ட் பேர்ச்கொட், லூயிஸ் இக்னாறோ, பெரிட் முராட் ஆகியோர் 1998ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர். நெஞ்சுவலிக்கு வைத்தியர்கள் கொடுக்கும் நைத்திரோகிளிசரீன் உடலில் இவ்வாயுவையே வெளிவிடுகின்றது. அதே நைத்திரோகிளிசரீனைக் கொண்டு டைனமைற் செய்தவரின் பெயரால் அப்பரிசு வழங்கப்பட்டமை ஒரு விநோதமே.

இவ்வாயுவை ஆக்கும் நொதியம், ஆஜினின் என்னும் அமினோ அமிலத்தை ஒட்சிசனுடன் தாக்கமுறச் செய்கின்றது. அவ்வேலை நடைபெறும் இடம் ஈம் எனப்படும் வளையமாகும். அதன் நடுவில் ஓர் இரும்பு அணு உள்ளது. குருதியின் செந்நிறத்துக்குக் காரணமான ஈமோகுளோபினில் இருப்பதும் இதே ஈம்தான். ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் பற்றிக்கொள்ளும் காபனோரொட்சைட்டு, இந்நொதியத்தை மட்டும் விட்டுவைக்குமா?

எந்நேரமும் அது பற்றுவதில்லை. ஓய்விலிருக்கும் நொதியத்தின் இரும்பு பெரிக்கு வடிவில் இருக்கும். அந்நிலையில் காபனோரொட்சைட்டு அதனுடன் இணையாது. நரம்பிலும் குருதிக் குழாயிலும் உள்ள நொதியங்களில், கலத்தின் கல்சியம் உயர்ந்து கல்மொடுலின் என்னும் புரதம் வந்து சேர்ந்த பின்னரே இலத்திரன் இரும்பை அடைகின்றது. இரும்பு பெரசு வடிவம் பெறுகின்றது. ஒட்சிசன் இணையவேண்டிய தருணம் அதுவே. காபனோரொட்சைட்டு அவ்விடத்தைப் பிடிப்பதும் அப்போதுதான். பிடித்துவிட்டால் உற்பத்தி தடைப்படும்.

விஞ்ஞானிகள் இந்த இணைப்பையே ஓர் உரைகல்லாகப் பயன்படுத்தினர். காபனோரொட்சைட்டு இணைந்த ஈமோகுளோபின் 420 நனோமீற்றர் அளவிலான ஒளியை மிகுதியாக உறிஞ்சும். இந்நொதியமோ ஏறத்தாழ 445 நனோமீற்றரில் உறிஞ்சுவது 1992இல் கண்டறியப்பட்டது. ஈமோகுளோபினில் இரும்பைப் பிடித்திருப்பது நைதரசன். இங்கு சிஸ்டீனின் கந்தகம். ஈரலில் மருந்துகளைச் சிதைக்கும் சைற்றோகுரோம் பி-450 நொதியங்களிலும் இதே அமைப்பே உண்டு. அவற்றின் பெயரிலுள்ள 450 என்பதும் இத்தகைய அளவீட்டால் வந்ததே. உறிஞ்சல் 445இலிருந்து 420க்கு நழுவினால் கந்தகப் பிணைப்பு குலைந்துவிட்டதென ஆய்வாளர் அறிந்துகொள்வர்.

ஒளியைப் பாய்ச்சினால் காபனோரொட்சைட்டு இரும்பை விட்டு விலகும்; பின்னர் திரும்பி வரும். அது திரும்பும் வேகத்தை அளந்தபோது, ஆஜினின் அருகில் அமர்ந்திருந்தால் வேகம் குறைவது தெரியவந்தது. வாயில் எவ்வளவு ஒடுங்கியது என்பதை இவ்வாறு அறிய முடிந்தது.

ஆயினும் சோதனைக் குழாயில் நிகழ்வது உடலில் அப்படியே நிகழும் எனக் கருதலாகாது. காபனோரொட்சைட்டு ஊட்டப்பட்ட எலிகளில் நைத்திரிக் ஒட்சைட்டு குறையவில்லை, மாறாகக் கூடியது. குருதிச் சிறுதட்டுகளின் ஈம் புரதங்களில் ஏற்கெனவே இணைந்திருந்த நைத்திரிக் ஒட்சைட்டைக் காபனோரொட்சைட்டு வெளியே தள்ளியமை இதற்கொரு காரணமாகக் காட்டப்பட்டது. இவ்வாறு வெளியேறியது குருதிக் குழாயின் சுவருக்குத் தீங்கும் விளைவித்தது. ஆகவே, மூடிய அறையில் மின்பிறப்பாக்கியை இயக்கி மயங்கி விழுபவரின் துன்பத்தை ஈமோகுளோபினின் கணக்கால் மட்டும் விளக்கிவிட முடியாது.

எனினும், இப்பிணைப்பு மீளக்கூடியது. சாதாரண காற்றில் ஈமோகுளோபினிலுள்ள நஞ்சு பாதியாகக் குறைய நான்கு, ஐந்து மணித்தியாலங்கள் ஆகும். தூய ஒட்சிசனைச் சுவாசிக்கக் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்று அல்லது ஒன்றரை மணித்தியாலம் போதும். பாதிக்கப்பட்டவரை வெளியே எடுத்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுமாறு வைத்தியர்கள் வற்புறுத்துவது இதனாலேயே.