கிரிவலம் செல்லும் சர்க்கரை நோயாளிகளுக்கு

ஆலங்காயத்திலிருந்து காவலூர், ஜமுனாமரத்தூர், போளூர் வழியாகத் திருவண்ணாமலை செல்லும் அன்பர்களில் சர்க்கரை நோயுள்ளவர்களும் உண்டு. சோற்றைக் குறைப்போருக்கு வழியில் காராமணிச் சுண்டல், வறுத்த நிலக்கடலை, வெள்ளரிக்காய், மோர் போதும். ஜவ்வாது மலைச் சாமை நல்லதே. ஆயினும் அதுவும் மாவுச்சத்துதான். (சாமை என்றதும் இரண்டு தட்டு உண்போர் உளர்!) பொங்கல் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றி ஒரு சிட்டிகை உண்டாலும் அருள் குறையாது.

அஞ்ச வேண்டியது வேறொன்று. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு, உணவையும் குறைத்து, 14 கிலோமீட்டர் நடந்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். எனவே மருந்தின் அளவைப் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டறிக. நடுக்கமும் வியர்வையும் கண்டால், விரதமென்று தயங்காமல் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகுக. 15 நிமிடத்தில் தெளியாவிடில் மீண்டும் பருகுக. அந்தச் சர்க்கரைப் பொட்டலம் வண்டியில் அன்று, நடப்பவர் மடியில் இருக்க வேண்டும்.