பர்மா தேக்கு எங்கே போயிற்று?

ஊரில் வீடு கட்டுகிறவர் நிலைக்கதவுக்கு மரம் பார்க்க மரவாடிக்குப் போனால், இன்றும் முதலில் காதில் விழுவது "பர்மா தேக்கு" என்ற பெயர்தான். ஆனால், மியான்மர் என்று பெயர் மாறிவிட்ட பர்மா, 2014 ஏப்ரல் 1 முதல் அறுக்காத தடிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டது. அதுவரை அத்தடிகளை அதிகம் வாங்கி வந்த நாடு இந்தியா. பிறகு நம் துறைமுகங்களில் கானா, ஈக்வடார், பனாமா போன்ற நாடுகளின் தோட்டத் தேக்கு வந்து இறங்கலாயிற்று.

அப்படியானால் பர்மாக் காடு பிழைத்ததா? தடி ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இதே மயக்கம் முன்பே ஒரு முறை நேர்ந்ததுண்டு. 1970-களில் வெப்பமண்டலத் தடிகளை உலகிலேயே அதிகம் விற்ற நாடு இந்தோனேசியா. முக்கியமாக வாங்கியது ஜப்பான். 1985-ல் இந்தோனேசியா தடி ஏற்றுமதியை முழுவதும் தடை செய்தது. கணக்கில் தடிப் பத்தி காலியாயிற்று. கோடரி மட்டும் ஓயவில்லை. வெட்டிய மரம் உள்நாட்டு ஆலைகளுக்குப் போய் பிளைவுட்டாக வெளியேறியது. சில ஆண்டுகளில் பிளைவுட் ஏற்றுமதியில் அந்நாடு உலகில் முதலிடத்துக்கு வந்துவிட்டது!

ஆகவே தடி, பலகை, பிளைவுட் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படியே கூட்டினாலும் தவறு. ஒரு கன மீட்டர் பலகை அறுக்க ஏறக்குறைய இரண்டு கன மீட்டர் தடி வேண்டும். மீதி மரத்தூளும் சிராய்களும்.

அளவுகோலே வேறு என்பது இன்னொரு சங்கடம். தேக்கு வியாபாரத்தில் பழைய ஆங்கிலேய ஹாப்பஸ் அளவு வெகுகாலமாக உண்டு. சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 6 அடிச் சுற்றளவு, 10 அடி நீளமுள்ள தடி இந்தக் கணக்கில் 22½ கன அடி. உண்மைக் கன அளவோ 28½ கன அடிக்குச் சற்று மேல். அறுவையில் கழியும் மரத்துக்காக விட்ட தள்ளுபடி இது. ஒரு நாடு ஹாப்பஸிலும் இன்னொரு நாடு கன மீட்டரிலும் எழுதினால், ஒரு துண்டு மரம்கூடக் கூடாமலே வியாபாரம் கால் பங்குக்கு மேல் பெருகியதாகத் தெரியும்.

"கடின மரம்" என்ற தலைப்பையும் நம்பி ஏமாறக்கூடாது. அகன்ற இலை மரங்களெல்லாம் அதில் அடங்கும். தக்கை போன்ற பால்சாவும் அங்கே கடின மரம்தான்!

அளவைச் சரிசெய்த பிறகும் பர்மாவின் ஏட்டில் உள்ளதைவிட வாங்கிய நாடுகளின் ஏட்டில் அதிக மரம் இருந்தது. சீன எல்லை வழியாகத் தரை மார்க்கமாய்க் கள்ளத்தனமாகப் போன தடிகள் இதற்கு ஒரு காரணம்.

இந்தக் கணக்கு அதிகாரிகளோடு முடிகிற விஷயமல்ல. குஜராத்தில் காண்ட்லா துறைமுகத்தை அடுத்த காந்திதாம் பகுதியின் அறுவை மில்கள், கப்பலில் வரும் தடியை நம்பி எழுந்தவை. தடி வந்தால்தான் அங்கே ரம்பம் ஓடும். பர்மாவின் தடையை ஒட்டிச் சில இந்திய பிளைவுட் கம்பெனிகள் அங்கேயே ஆலை வைத்து, மரத்தை மெல்லிய தகடாக உரித்துக் கொண்டுவந்தன. மரம் தடிப் பத்தியிலிருந்து தகட்டுப் பத்திக்கு மாறிற்று. உரிக்கும் வேலையும் அதற்கான கூலியும் பர்மாவிலேயே நின்றுவிட்டன.