அண்டா பெரிதானால் அடுப்புக் கணக்கு மாறும்

தை பிறந்துவிட்டால் குன்றக்குடியிலிருந்து மேற்கே செல்லும் சாலையில் காவடிகளைக் காணலாம். செட்டிநாட்டு நகரத்தார் பழனிக்கு நடைப்பயணம் புறப்படும் காலம் அது. உப்பு வாணிகத்தின் பொருட்டுப் பழனிக்குச் சென்ற முன்னோர் நடந்த வழியிலேயே தாங்களும் நடப்பதாக அவர்கள் கூறுவர். இது 400 ஆண்டு வழக்கம் என்பதும் அவர்கள் மரபு. சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர் நடக்க வேண்டும். வழியில் தங்குமிடங்களில் கோட்டை அடுப்பு மூட்டி, அண்டாக்களில் சமையல் நடக்கும்.

இத்தகைய பாசறைச் சமையலில் தேர்ந்த கைகள் அரிதாகவே தவறும். பழக்கமில்லாத நம் போன்றவர்கள் கரண்டி பிடித்தால் நடப்பது வேறு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர் முகாம் ஒன்றில் அதை நான் நேரில் கண்டேன். மதியம் சோறு அடிப்பிடித்தது. மேலே அரிசி விதையாக நின்றது. மிஞ்சிய சாம்பாரை அண்டாவோடு மூடி வைத்து இரவில் பரிமாறினோம். விடிவதற்குள் பல மாணவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார்கள். மூடி வைக்கச் சொன்னவன் நான்தான். இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியன்!

இவ்விரண்டு விபத்துகளுக்கும் காரணம் ஒன்றே. அதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் உள்ள கனச்சதுரப் பாத்திரம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் 1 லிட்டர் நீர் பிடிக்கும். அதன் ஆறு முகங்களின் மொத்தப் பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். இப்போது பக்கத்தை 40 சென்டிமீட்டராக்குவோம். கொள்ளளவு 64 லிட்டராகிறது. பரப்போ 9,600 சதுர சென்டிமீட்டர்தான். கொள்ளளவு 64 மடங்கு பெருகியபோது பரப்பு 16 மடங்கே பெருகியது. அதாவது, ஒரு லிட்டருக்கு முன்பு 600 சதுர சென்டிமீட்டர் பரப்பு இருந்தது. இப்போது 150 மட்டுமே. கலிலியோ 1638ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் இவ்வுண்மையை விளக்கினார். எறும்பை யானை அளவுக்குப் பெருக்கினால் அதன் கால்கள் தாங்காமல் ஒடிந்துவிடும் என்று நாம் சொல்வதும் இதனால்தான்.

வெப்பம் பாத்திரத்தினுள் நுழைவதும் பரப்பின் வழியே. வெளியேறுவதும் பரப்பின் வழியே. எனவே பெரிய அண்டா சிறிய பானையின் பெரிய உருவம் அன்று; அது வேறொரு பொருள்.

முதலில் அடிப்பிடித்தலைப் பார்ப்போம். ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் அடிப்பரப்பு நான்கில் ஒன்றாகக் குறைந்துவிட்டதால், தீ அதே அளவில் எரிந்தாலும் உலை கொதிக்க நான்கு மடங்கு நேரம் ஆகிறது. பொறுமையிழந்து விறகைத் திணிக்கிறோம். உலைநீர் ஓடும் பதத்தில் இருக்கும்வரை கெடுதல் இல்லை. சூடான நீர் மேலேறும், குளிர்ந்த நீர் கீழிறங்கும், இது வெப்பச்சலனம். நீர் தொட்டுக்கொண்டிருக்கும் அடித்தட்டு 100° செ.க்கு மேல் அதிகம் ஏறாது. ஆனால் அரிசி வெந்து கஞ்சி கெட்டியானதும் சலனம் நின்றுவிடுகிறது. அடியில் நீர் வற்றுகிறது. வெப்பநிலை விரைந்து ஏறுகிறது. கீழே கரி, மேலே நறுக்கரிசி!

பித்தளை அண்டாவானால் இன்னொரு ஆபத்தும் உண்டு. உள்ளே பூசியிருக்கும் வெள்ளீயம் 232° செ.இல் உருகிவிடும். பூச்சுப் போன இடத்தில் புளிக்குழம்பு வைத்தால், புளியின் அமிலம் செம்பைக் கரைத்து உணவில் சேர்க்கும். அடிப்பிடித்த அண்டாவுக்கு மறுபடி ஈயம் பூசாமல் புளி சேர்த்த எதையும் அதில் சமைக்கக் கூடாது.

இனி, ஆறுதலுக்கு வருவோம். சிறிய பாத்திரத்துச் சாம்பார் ஆற 1 மணி நேரம் ஆகுமானால், நம் 64 லிட்டர் அண்டா ஆற ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும். பொங்கல் போன்ற கெட்டிப் பண்டமானால் இன்னும் கூடுதலாகும். 'சூடாகத்தானே இருக்கிறது' என்று நாம் மகிழ்கிறோம். அந்த இளஞ்சூட்டை வேறு சிலரும் எதிர்பார்த்திருக்கிறார்கள்!

மண்ணிலும் புழுதியிலும் வாழும் சில நுண்ணுயிர்கள் கொதிநீரிலும் சாகாத வித்துகளாக உறங்கவல்லவை. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் அவற்றுள் ஒன்று. உணவின் வெப்பநிலை 60° செ.க்குக் கீழே இறங்கியதும் வித்துகள் விழிக்கின்றன. 43° செ. அளவில், மிகச் சாதகமான நிலையில், 10 நிமிடங்களுக்கு ஒருமுறை இந்த உயிர் இரட்டிக்கும். இந்த வேகத்தில் 1 மணி நேரத்தில் ஒன்று 64 ஆகும். 4 மணி நேரத்திலோ 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டும்! மெய்யான அண்டாவில் வேகம் இதைவிடக் குறையலாம். ஆனால் போக்கு இதுதான். கொதித்த குழம்பில் காற்று குறைந்திருப்பதும் காற்றை வேண்டாத இந்த உயிருக்கு வசதியாகிறது.

மறுபடி கொதிக்க வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். எல்லா வேளையும் போதாது. சோற்றில் வளரும் பாசில்லஸ் செரியஸ் என்னும் மற்றொரு நுண்ணுயிர் உண்டாக்கும் வாந்தி நஞ்சு, கொதிநிலையிலும் அழிவதில்லை. உயிர் செத்தாலும் நஞ்சு தங்கிவிடும்.

நம் சமையற்காரர்கள் வடித்த சோற்றைப் பாயில் பரப்பி ஆறவிடுவதைக் கண்டிருப்பீர்கள். பரப்பைப் பெருக்கி வெப்பத்தை விரட்டும் உத்தி அது. வழிநடைக்குப் புளியோதரை கட்டிக்கொள்வதிலும் பொருள் இருக்கிறது. புளியின் அமிலம் நுண்ணுயிர்ப் பெருக்கத்தை அடக்குகிறது.

ஆகவே, வழிபாடோ, சுற்றுலாவோ, மாணவர் முகாமோ, நூறு பேருக்குச் சமைக்கும் நாளில் இவற்றை நினைவில் கொள்ளுங்கள். ஒரே பேரண்டாவுக்குப் பதில் இரண்டு மூன்று தேக்சாக்களில் சமையுங்கள். உலை கெட்டியாகத் தொடங்கியதும் விறகை இழுத்துவிட்டு, அடிவரை துழாவுங்கள். சமைத்ததை உடனே பரிமாறுங்கள். வைத்திருக்க வேண்டுமானால் ஆறவிடாமல் தணலில் ஆவி பறக்க வைத்திருங்கள். நெடுநேரம் மூடிக் கிடந்து வெதுவெதுப்பாகிவிட்ட மிச்சத்தைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

அன்று நானும் ஒரு அண்டா சாம்பாரைக் கொட்டியிருந்தால், என் மாணவர்களை விடியற்காலையில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்திருக்காது. வகுப்பறையில் பலமுறை எழுதிப்போட்ட கணக்குத்தான். அடுப்படியில் அது எனக்கு நினைவு வரவில்லை. உங்களுக்கு வரட்டும்.