கட்டுரை நோட்டுக்கு ஒரே ஒரு வாசகர் போதுமா? எழுத்து வகுப்பைப் புதுசாக்கும் இணையக் கருவிகள்!

முன்னுரை, பொருளுரை, முடிவுரை. நடுவில் இரண்டு மேற்கோள். கைடில் இருப்பதைப் பார்த்து எழுதினால் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் நிச்சயம். அம்மா, அப்பா காலத்தில் இருந்த கட்டுரை நோட்டு இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. பிள்ளை எழுதியதைப் படிக்கும் ஒரே வாசகர், சிவப்பு மை பேனாவோடு இருக்கும் ஆசிரியர்தான். அவருக்கும் ஒரே இரவில் 40 நோட்டுகள் திருத்த வேண்டிய கட்டாயம்.

அதே பிள்ளை போனில் ஒரு நாளைக்கு எவ்வளவு எழுதுகிறது என்று பாருங்கள். எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழாக இருக்கும். ஆனால் நண்பன் படிப்பான், பதில் போடுவான் என்ற ஆர்வம் அதில் இருக்கிறது. அந்த ஆர்வத்தை வகுப்பறைக்குள் கொண்டுவர முடியுமா?

புதுச்சேரி பெற்றோருக்கு இந்தக் கேள்வி இப்போது அவசரமானது. தமிழகப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிவந்த இங்குள்ள அரசுப் பள்ளிகள், 2023-24 கல்வியாண்டு முதல் சி.பி.எஸ்.இ.-க்கு மாறின. மனப்பாடத்தை மட்டும் நம்ப முடியாது. சொந்தமாக யோசித்து எழுதவேண்டிய கேள்விகளுக்கு அங்கே முக்கிய இடம் உண்டு. அந்தப் பழக்கத்துக்கு உதவும் சில இணையக் கருவிகளைப் பார்ப்போம். எல்லாமே இலவசம்.

முதலில் தமிழில் தட்டச்சு

‘ammaa’ என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வந்துவிடும்தான். ஆனால் பிள்ளை மனதில் ஓடுவது ஆங்கில எழுத்து. ல, ள, ழ வேறுபாடு அங்கேதான் குழம்புகிறது.

இதற்கு மாற்று, ‘தமிழ்99’ விசைப்பலகை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி தமிழக அரசு ஏற்றுக்கொண்டது இது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, அதிகம் புழங்கும் மெய்கள் வலது கைக்கு. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டுகளில் ‘அம்மா’ வந்துவிடும்; புள்ளியைக் கணினியே வைத்துக்கொள்ளும். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்ற இலக்கணப் பாடம் விரல் வழியாகவே பதிகிறது. தினமும் 15 நிமிடம் பழகினால் சில வாரங்களில் கை வந்துவிடும்.

ஒரே தாளில் ஐந்து பேர்

கூகுள் டாக்ஸில் ஐந்து மாணவர்கள் ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் எழுதலாம். ‘என் ஊர்’ என்ற தேய்ந்த தலைப்புக்குப் பதிலாக, ‘கீழூரில் என்ன நடந்தது?’ என்று கொடுத்துப் பாருங்கள்.

1954 அக்டோபர் 18-ல், புதுச்சேரி அருகே கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒருவர் தேதிகளைச் சரிபார்க்கலாம். இன்னொருவர் தாத்தா, பாட்டியிடம் கேட்டு எழுதலாம். மூன்றாமவர் கீழூர் நினைவிடத்தைப் படம் பிடிக்கலாம். நான்காமவர் ரொமேன் ரோலன் நூலகத்தில் புத்தகம் தேடலாம். ஐந்தாமவர் எல்லாவற்றையும் கோத்துச் சீராக்கலாம். யார், எப்போது, எந்த வரியைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்பது ‘திருத்த வரலாறு’ பகுதியில் பதிவாகிவிடும். ஒருவர் உழைக்க நால்வர் பெயர் வாங்கும் வேலை இங்கே செல்லாது!

சிவப்பு மைக்கு முன் ‘வாணி’

ஆங்கிலத்தில் பிழை இருந்தால் கணினி சிவப்புக் கோடு போடும். தமிழில் அது சுலபமில்லை. ‘வீடு’ என்ற ஒரு சொல் வீட்டை, வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டிலிருந்துதான் என்று வளர்ந்துகொண்டே போகும். எல்லா வடிவத்தையும் அகராதியில் அடுக்கிவைக்க முடியாது. சொல்லைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கருவி வேண்டும்.

‘நீச்சல்காரன்’ என்ற பெயரில் இயங்கும் தமிழ்க் கணிமை ஆர்வலர் உருவாக்கிய ‘வாணி’ எழுத்துப் பிழையைச் சுட்டுகிறது. அவருடைய இன்னொரு கருவியான ‘நாவி’ சந்திப் பிழையைக் கவனிக்கிறது. ‘தமிழ் பாடம்’ என்பதில் ‘ப்’ வேண்டுமே என்று கேட்கும்.

கருவி சொல்வதெல்லாம் சரி என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது காட்டிய பிழைகளில் மூன்றை எடுத்து, ‘இது ஏன் பிழை?’ என்று பிள்ளையே விளக்க வேண்டும். அப்போதுதான் அது பாடம். எழுத்துப் பிழை தேடும் வேலை குறைந்தால், ‘இந்தப் பத்தியில் நீ சொல்லவருவது என்ன?’ என்று கேட்க ஆசிரியருக்கும் நேரம் கிடைக்கும்.

வாசகர் வெளியே இருக்கிறார்

பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் சிறுவர் கதைகள் உள்ளன. படிக்கலாம், மொழிபெயர்க்கலாம், அங்குள்ள படங்களை வைத்துப் புதுக்கதையும் எழுதலாம். தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றும் காதில் விழும் புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்பு இயல்பான பயிற்சி.

பெரிய வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியா இருக்கிறது. 2003-ல் தொடங்கி, ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டி வளர்ந்த களம். 2010 கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி கல்லூரி மாணவர்களுக்காகத் தமிழக அரசு இதனுடன் சேர்ந்து கட்டுரைப் போட்டியே நடத்தியது. இங்கே ஆதாரம் இல்லாமல் எழுதினால் நீக்கிவிடுவார்கள். ‘எங்கே படித்தாய்?’ என்று முகம் தெரியாத ஒருவர் கேட்பது, கைடு பார்த்து எழுதும் பழக்கத்துக்கு நல்ல மருந்து. முதலில் ‘மணல்தொட்டி’ என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகலாம்.

ஏ.ஐ. எழுதிக் கொடுத்தால்?

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு ஆசிரியர்களுக்கு இதுதான் கவலை. முழுத் தடை வீட்டில் செல்லுபடியாகாது. தலைப்பை மாற்றுவது நல்ல வழி. ‘மரம் வளர்ப்போம்’ என்றால் ஏ.ஐ. நொடியில் எழுதிவிடும். ‘நம் தெருவில் வெட்டப்பட்ட மரம் பற்றி மூன்று பேரிடம் கேட்டு எழுது’ என்றால், தெருவில் இறங்கித்தான் ஆக வேண்டும். முதல் வரைவை வகுப்பிலேயே எழுதச் சொல்வதும் உதவும்.

பெற்றோர் கவனத்துக்கு

* பிள்ளையின் முழுப்பெயர், பள்ளி, போன் எண், படம் எதையும் பொதுத் தளத்தில் போட வேண்டாம். 18 வயதுக்குட்பட்டோரின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் தேவை என்கிறது 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

* பள்ளி வழங்கும் கணக்கு இருந்தால் அதையே பயன்படுத்தட்டும்.

* எல்லா வீட்டிலும் தனி போன் இல்லை. அப்பா வேலை முடிந்து வந்தால்தான் போன் என்ற வீடுகள் நிறைய. இணைய வேலையை வீட்டுப்பாடமாகத் தராமல், பள்ளிக் கணினி அறையிலேயே முடிக்கும்படி ஆசிரியர்களிடம் கேளுங்கள். ஐந்து பேருக்கு ஒரு கணினி போதும். காகிதத்தில் எழுதி, முறை வைத்துத் தட்டச்சு செய்யலாம்.

* பொதுத்தேர்வு இன்னும் பேனாவில்தான். வாரம் ஒரு கட்டுரையாவது கையால் எழுதட்டும்.

பாரதிதாசன் இந்த ஊர்ப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். வகுப்பறைக்கு வெளியேயும் வாசகர்களைத் தேடிக்கொண்டவர். இன்றைய பிள்ளைக்கு அந்த வாசகர் ஒரு சொடுக்கில் கிடைக்கிறார். இன்று இரவு உங்கள் பிள்ளையின் கட்டுரை நோட்டைக் கேட்டு வாங்கி ஒன்றைப் படித்துப் பாருங்கள். மதிப்பெண்ணைப் பார்க்காமல், ‘இதில் நீயாக எழுதிய வரி எது?’ என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது வாசகர் நீங்களாகவே இருக்கலாமே!